பழைய காருக்கு ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் தேடி அலைந்தவர்கள் உண்டா?

அம்பாசடர் மார்க் 2, சென்னை:

பெயிண்ட், சீட், குரோம் வேலையெல்லாம் பணம் கொடுத்தால் முடிந்துவிடுகிறது. என்னை அலையவிட்டது ரேடியேட்டர் மூடிதான். வண்டி கொஞ்ச தூரம் ஓடினாலே ஓவர்ஃப்ளோ பைப்பில் தண்ணீர் கொட்டும். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே தீர்ப்பு: பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினிய ரேடியேட்டர் வையுங்கள். செம்பு கோரும் பித்தளை டேங்கும் உள்ள ரேடியேட்டரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து வாங்கினேன். அப்படியும் கொட்டியது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் "அம்பாசடர் மூடி" என்று கேட்டால் கடைக்குக் கடை ஒன்று எடுத்து நீட்டுவார்கள். திருகினால் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். கோளாறு உள்ளே இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வடிவ ரேடியேட்டர்களின் கழுத்து இரண்டு விதமான ஆழத்தில் வரும், 1 அங்குலம் அல்லது முக்கால் அங்குலம். மேல் விளிம்பிலிருந்து ரப்பர் வாஷர் உட்காரும் படி வரைக்குமான அளவு அது. என் வண்டிக்கு 1 அங்குலம். சந்தேகம் வந்து, அந்தப் படியில் விரலால் கிரீஸ் தடவி, மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். ரப்பரில் ஒரு பொட்டு கிரீஸ்கூட ஒட்டவில்லை. முக்கால் அங்குலக் கழுத்துக்கான மூடி அது. படியைத் தொடவே இல்லை என்றால் பிரஷர் எப்படி நிற்கும்? சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட் பிரஷர் நின்றால் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. நிற்காவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே வந்துவிடும்.

ஒரு கடைக்காரர் 13 பவுண்ட் மூடியைக் காட்டி, "பவுண்ட் கூட இருந்தா நல்லதுதானே சார்?" என்றார். அவ்வளவு வருடப் பழைய ஈயப் பற்று அதைத் தாங்குமா? மூடி தப்பிக்கும், டேங்க் பிளந்துவிடும்.

கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு பாய் பழைய மூடிகள் நிறைந்த டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார். "தம்பி, இது நீளக் கழுத்து. இப்ப எவனும் இதைக் கேக்குறதில்ல." 7 என்று அச்சடித்த ஒன்று கிடைத்தது. ஸ்பிரிங் நன்றாக இருந்தது, ரப்பர்தான் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சூடு தாங்கும் ரப்பர் ஷீட்டில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டேன். மூடியின் நடுவே குட்டி வால்வு ஒன்று இருக்கும், அதை நகத்தால் இழுத்துவிட்டால் தானாகத் திரும்ப வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் இன்ஜின் ஆறும்போது ஹோஸ் சப்பிப் போகும். இப்போது வெயிலில் டிராஃபிக்கில் நின்றாலும் ஒரு சொட்டு வருவதில்லை.

மொறிஸ் மைனர் 1000, யாழ்ப்பாணம்:

எனக்கு மூடியில் பிரச்சினை இல்லை அண்ணை, தேமோஸ்ரற்தான் வில்லங்கம். இன்ஜின் சூடாகும் வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மறித்து வைக்கும் வால்வு அது. எங்கட பக்கத்துப் பழைய கார்களில் அது இருந்தால்தான் புதினம். வெக்கையான ஊருக்கு உது எதுக்கு என்று யாரோ எப்பவோ கழற்றி எறிந்திருப்பார்கள். கழற்றுவதாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வளையம் போட வேண்டும். வெறுமனே விட்டால் இந்த இன்ஜினில் தண்ணீர் சுகமான வழியால் ஓடிவிடும், பின் சிலிண்டர் சூடேறும். என்னுடைய காரில் தேமோஸ்ரற்றும் இல்லை, வளையமும் இல்லை.

கொழும்பு போனபோது பஞ்சிகாவத்தையில் தேடினேன். மைனருக்கு என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். மினி காருக்கு என்று கேளுங்கோ. அதே ஏ சீரிஸ் இன்ஜின்தான், அதே 54 மி.மீ. விட்டம். 82 (திறக்க வேண்டிய டிகிரி) என்று பொறித்தவை இரண்டு வாங்கி, சட்டித் தண்ணீரில் அடி தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்துச் சூடாக்கினேன். ஒன்று 82 வாக்கில் மெல்ல வாய் திறந்தது. மற்றது தண்ணீர் கொதித்த பிறகும் மூச்சுக் காட்டவில்லை. பெட்டி இரண்டும் ஒரே மாதிரி!

வாங்கும்போது தண்ணிப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் அந்தக் கட்டைக் குழாயையும் மறக்காதேங்கோ. மடிப்பு மடிப்பாக வருவதென்றால் அமுக்கி நுழைத்துவிடலாம். நேர்க் குழாய் என்றால் பம்பைக் கழற்றத்தான் வேண்டும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், வேலூர்:

கீழ் ஹோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் வளைவு மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள், ஹோஸ் சப்பிப் போகாமல் தாங்கும் ஸ்பிரிங் உள்ளே இருக்காது. பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது அந்தப் பக்கம்தானே. ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்ததும் ஹோஸ் ஒட்டிக்கொண்டு டெம்பரேச்சர் முள் ஏறியது. பழைய ஹோஸைக் கிழித்து, அதிலிருந்த ஸ்பிரிங்கை எடுத்துப் புதியதில் நுழைத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் ஒரு கேள்வி. ரேடியேட்டர் அடியில் வரும் பித்தளை டிரெயின் டேப் யாரிடமாவது இருக்கிறதா? இப்போதைக்கு போல்ட் போட்டு அடைத்துத்தான் ஓட்டுகிறேன்.