ரிஞ்சானி: உச்சியும் வெந்நீர் ஊற்றும் ஒரே பயணத்தில் முடியுமா?

கேள்வி: இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் இருக்கும் ரிஞ்சானி எரிமலை (3,726 மீட்டர்) ஏறிவிட்டு, செகாரா அனாக் ஏரி பக்கத்து வெந்நீர் ஊற்றுக்கும் போகணும். எந்த ஊர்லேர்ந்து ஏறணும், செம்பலுனா, செனாருவா? எத்தனை நாள் ஆகும்?

பதில் 1: செம்பலுனில் ஏறி செனாருவில் இறங்குங்க. செம்பலுன் ஊரே 1,100 மீட்டருக்கு மேல; செனாரு சுமார் 600தான், அங்கிருந்து ஏறினா மூச்சு வாங்கிடும். ஆனா செம்பலுன் பக்கம் வெறும் புல்வெளி, நிழல் கிடையாது, காலையிலேயே கிளம்பிடுங்க. அடர்ந்த காடு செனாரு பக்கம். ஈரமான வேர்மேல கால் வைக்காதீங்க, வழுக்கும். 4 நாள் வெச்சா நிதானமா முடியும்.

பதில் 2: உச்சிக்கு முந்தின சரிவுதான் உண்மையான சோதனை. முழுக்க எரிமலைச் சரளை, ஓரடி வெச்சா பாதி அடி கீழே இழுக்கும். ஷூவுக்குள்ள கல் போகாம கணுக்கால் உறை அவசியம். எரிமலை வாயின் விளிம்பிலிருந்து ஏரிக்கு 600 மீட்டர் செங்குத்து இறக்கம். ரெண்டு கைத்தடி இல்லாட்டி முழங்கால் போயிடும்.

பதில் 3: ஊற்றுல குளத்துக்குக் குளம் சூடு மாறும், கைவிட்டுப் பார்த்துட்டு இறங்குங்க. ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்காலம், பாதையை மூடிடுவாங்க. ஏரியை ஒட்டி இருக்கிற பருஜாரிங்கிற சின்ன எரிமலைக் கூம்பு 2015-லகூட வெடிச்சது. கிளம்பும் முன் எரிமலை அறிவிப்பைப் பாருங்க.