புதுப்பிப்பு: எக்செலில் சிதைந்து வந்த ரூபாய்க் குறி

கடை பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செலில் திறந்தால் ₹ வரவேண்டிய இடத்தில் தொப்பி போட்ட ஆங்கில ஏ, அடியில் ஒரு கொக்கி, மேலேறிய குட்டி 1 என்று மூன்று எழுத்துகள் வருகின்றன எனப் போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

எழுத்துருக் கோளாறாக இருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். எழுத்துருவில் குறி இல்லையென்றால் பெரும்பாலும் வெறும் கட்டம்தான் தெரியும். இங்கே கோப்பு யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. அதில் ₹ மூன்று பைட். எக்செல் அதை விண்டோஸ்-1252 (ஆங்கிலம் போன்ற மேற்கத்திய மொழிகளுக்கான பழைய முறை) என்று எடுத்துக்கொண்டு பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டியிருக்கிறது.

டபுள் கிளிக் செய்யாமல், டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போய், 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8க்கான எண்ணான 65001ஐத் தேர்ந்தெடுத்தேன். ₹ மட்டுமல்ல, வாடிக்கையாளர்களின் தமிழ்ப் பெயர்களும் ஒழுங்காக வந்துவிட்டன. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டிருந்தால் பெயர்கள் அப்படியே நாறிக் கிடந்திருக்கும்.

தினமும் இந்த மெனுவுக்குள் போக அப்பாவுக்குப் பொறுமை இல்லை. அதனால் கோப்பின் தொடக்கத்தில் 'இது யூடிஎஃப்-8' என்று எக்செலுக்குக் காட்டும் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்க்கும்படி மென்பொருள்காரரிடம் சொன்னேன். செய்துகொடுத்தார். இப்போது டபுள் கிளிக்கிலேயே சரியாகத் திறக்கிறது.

அப்புறம், பழைய கோப்புகளில் ₹ இருந்த இடத்தில் கேள்விக்குறி வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நோட்பேடில் ஆன்சி (இங்கே அது விண்டோஸ்-1252தான்) என்று சேமித்தபோதே குறி போய்விட்டது. விண்டோஸ்-1252இல் ₹ கிடையாது. அந்தக் கோப்பை மீட்க முடியாது, பில்லிங்கிலிருந்து மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.