ஏற்காடு வீட்ல ஒட்டுன கார்பெட்டை எடுக்க ஐடியா சொல்லுங்க

வணக்கம்ங்க, ஏற்காட்டுல எங்க தாத்தா வீடு, முன்னாடி வாடகைக்கு இருந்தவங்க தரை ஜில்லுங்குதுன்னு ஹால் முழுக்க கார்பெட்டை பசை போட்டு ஒட்டிட்டு போயிட்டாங்க, இப்ப ஐப்பசி மழைக்கு ஈரம் ஏறி ஒரே பூஞ்சை வாடை, அம்மாவுக்கு தும்மலே நிக்கல. நேத்து மூலையிலருந்து கட்டர்ல ஒரு முழ அகலத்துக்கு கீறி சுருட்டி இழுத்தேன், மேல துணி வந்துருச்சு, அடியில இருந்த ரப்பர் நுரையும் மஞ்சப் பசையும் அப்படியே ரெட் ஆக்சைடு தரையோட நிக்குது. அந்தக் காலத்து தரைங்க, கண்ணாடியாட்டம் மின்னும். பட்டி பிளேடு வெச்சா கீறல் விழுது. சுடுதண்ணி துணி போட்டு ஊறவெச்சா போதுமா, தின்னர் ஊத்துனா கலர் போயிருமா? செவ்வாப்பேட்டையில ரெண்டு கடைல கேட்டேன், ஆளுக்கொண்ணு சொல்றாங்க. சேலத்துலருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து செஞ்சு தர ஆள் தெரிஞ்சாலும் சொல்லுங்க.