வின்சா: கி.மு. 2700-ஆ, 5300-ஆ?

அல்சூர் வாசகி:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பால்கன் புதிய கற்காலம் பற்றிப் பேசுகிறேன். பழைய நூல் வின்சா பண்பாட்டை கி.மு. 2700-ஐ ஒட்டி வைக்கிறது, புதியது 5300 என்கிறது. எதை எடுப்பது? அதே பகுதியின் ஸ்டார்செவோ பண்பாடு அதற்கு முந்தியதா?

மல்லேஸ்வரம் மணி:
புதியதையே எடுங்கள். பழைய கணக்கு, பானைகளையும் அவற்றில் கீறிய குறிகளையும் துருக்கியிலுள்ள பண்டைய டிராய் நகரத்தோடு ஒப்பிட்டுப் போட்டது. எஞ்சிய கார்பன்-14-ஐ அளந்து கணிக்கும் கார்பன் தேதிகள் வந்ததும் அது உடைந்துவிட்டது. ஸ்டார்செவோ முந்தியதுதான், சுமார் கி.மு. 6200 முதல் 5400 வரை. வின்சா ஏறக்குறைய 4500 வரை நீள்கிறது. பெல்கிரேடு அருகே வின்சா மேட்டிலேயே இந்த வரிசையைப் பார்க்கலாம்: அடியில் ஸ்டார்செவோ, அதன்மேல் மீட்டர் கணக்கில் வின்சா அடுக்குகள்.

இந்திராநகர் குமரன்:
மணி சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். கட்டுரையில் '6200 பிபி' (BP, அதாவது 1950-க்கு முன் இத்தனை ஆண்டு என்ற திருத்தாத கார்பன் கணக்கு) என்றிருந்தால் 1950-ஐக் கழித்து கி.மு. 4250 என்று எழுதிவிடாதீர்கள். காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. மரவளையங்களைக் கொண்டு திருத்தினால் அது கி.மு. 5150-ஐ ஒட்டி வரும். கிட்டத்தட்ட 900 ஆண்டு பிசகு!

எதைச் சோதித்தார்கள் என்றும் பாருங்கள். தூண் கரியில் மரத்தின் பழைய உள்வளையம் சிக்கினால், வீடு கட்டிய காலத்தைவிடப் பழைய தேதி காட்டும். கருகிய தானியம் ஒரே பருவத்தில் விளைந்தது, அதை நம்பலாம். டான்யூப் கரையிலுள்ள லெபென்ஸ்கி வீர் தொல்லிடத்தின் மனித எலும்புகளில் இன்னொரு சிக்கல்: ஆற்று மீனில் பழைய கார்பன் கலந்திருக்கும், அதனால் டான்யூப் மீனையே தின்றவர்கள், திருத்தாவிட்டால் சில நூறு ஆண்டு பழையவர்களாகத் தெரிவார்கள்.

அல்சூர் வாசகி:
நன்றி. என் அட்டவணையில் பாதித் தேதி வெறும் கழித்தல்தான். இன்றே மாற்றுகிறேன்.