அம்பாசடர் மார்க் 2: முன் கதவுக் கண்ணாடி சிக்குகிறது, பாதியில் ஆடுகிறது. சேனலை எப்படிச் சரிசெய்வது?

வைகைக்கரை:

வணக்கம். வண்டி 1972 அம்பாசடர் மார்க் 2. டிரைவர் பக்கக் கண்ணாடி முக்கால் உயரம் வரை ஒழுங்காக ஏறுகிறது. அதற்கு மேல் முன்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அப்படியே நின்றுவிடுகிறது. கையால் பிடித்துத் தூக்கினால்தான் மூடும். பாதி இறக்கி ஓட்டினால் லொடலொட சத்தம் வேறு.

டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டை) கழற்றிப் பார்த்ததில், பின் சேனலில் (கண்ணாடியின் ஓரம் ஓடும் தகரத் தடம்) வெல்வெட் பாதிக்கு மேல் போய்விட்டது. தகரம் துருவேறி உப்பியிருக்கிறது. முன் மூலையில் இருக்கும் சின்ன வெண்டிலேட்டர் கண்ணாடியை ஒட்டி நிற்கும் செங்குத்துச் சேனல் அடிப்பக்கம் அரித்துவிட்டது. கண்ணாடியின் அடியில் மாட்டியிருக்கும் பாட்டம் சேனல் ஒரு முனையில் கழன்றிருக்கிறது.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினையும் மாற்ற வேண்டுமா? கிரீஸ் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். ரெடிமேட் சேனல் வாங்குவதா, பழைய தகரத்திலேயே வெல்வெட் ஒட்டுவதா?

தகரமும்வெல்வெட்டும்:

மெஷினை இப்போதைக்குத் தொடாதீர்கள். கண்ணாடியை மெஷினிலிருந்து பிரித்து, இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். சேனல் நன்றாக இருந்தால் அதிக பலம் கொடுக்காமலே ஏறும், விட்டால் தொப்பென்று விழாமல் மெல்ல இறங்கும். கையிலேயே சிக்கினால் குற்றம் சேனலில். கையில் தாராளமாக ஓடி, மாட்டிய பிறகு சிக்கினால்தான் மெஷினின் பல்லையும் ரோலரையும் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காரணம் வெளிப்படை. இரும்பை விடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். தகரம் உள்பக்கமாக உப்பி, கண்ணாடிக்கான இடைவெளியைத் தின்றுவிட்டது. பின்பக்கம் அங்கே மாட்டிக்கொள்ள, முன்பக்கம் மட்டும் ஏறுகிறது. பாட்டம் சேனலும் ஒரு முனையில் கழன்றிருப்பதால் சாய்வு இன்னும் கூடுகிறது. இந்த நிலையில் ஹேண்டிலைப் பலமாகச் சுற்றினால் மெஷின் பல் தேயும். அப்புறம் அதையும் மாற்ற வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் அளவு எடுங்கள். கண்ணாடியின் தடிமனை வெர்னியரால் மூன்று இடத்தில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, கண்ணாடி 5 மி.மீ., வெல்வெட் பக்கத்துக்கு 1.5 மி.மீ. என்றால் தகரத்தின் உள் அகலம் 7.5 மி.மீ. இருக்க வேண்டும். வெல்வெட்டின் இரு மயிர் நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணாடியை விட அரை மி.மீ. குறைவாக இருந்தால் லேசாகப் பிடிக்கும், ஆட்டமும் இருக்காது. அதைவிட இறுக்கமாக வைத்தால் புதுச் சேனலிலும் இதே தொல்லை வரும். "அம்பாசடர் சேனல் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கண்ணாடி ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால் தடிமன் வேறாக இருக்கலாம். பழைய சேனலில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். சென்னை வருவதாக இருந்தால் ஜி.பி. ரோட்டில் கேளுங்கள். தகரமோ பிராக்கெட்டோ பழையதாகவே வேண்டுமென்றால் புதுப்பேட்டை.

நீளத்துக்கு டேப்பை நம்ப வேண்டாம், வளைவில் ஏமாற்றும். ஒரு நூலைச் சேனல் தடத்திலேயே படியவிட்டு அளந்து, அதற்கு மேல் 15 மி.மீ. கூட்டி வெட்டுங்கள்.

ரெடிமேடா ஒட்டுவதா என்றால், உள்ளே கம்பி வைத்துத் தைத்த வளையும் சேனல் சரியான அகலத்தில் கிடைத்தால் அதையே போடுங்கள். மேல் பின் மூலையில் ஒரே துண்டாகத் திரும்பிவிடும். ஹேர் டிரையரால் சூடு காட்டி வளைத்து, உள் உதடுகளில் (கண்ணாடியைப் பிடிக்கும் விளிம்புகள்) மட்டும் சின்ன V வெட்டு கொடுத்தால் மடிப்பு விழாது. தகரத்தில் படியும் முதுகை வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த மூலையில்தான் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

ஆனந்தி_கேரேஜ்:

கிரீஸ் வேண்டாம். இதை மெக்கானிக்கிடமும் சொல்லிவிடுங்கள். வெல்வெட்டில் எண்ணெய்ப் பசை பட்டால் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கண்ணாடியில் மேலிருந்து கீழாக நீளக் கீறல் இருக்கும் பழைய வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் இதுதான். கிரீஸ் போக வேண்டியது மெஷினின் பல்லுக்கும் ரோலர் ஓடும் தடத்துக்கும் மட்டுமே. வெல்வெட்டுக்கு உலர்ந்த சிலிக்கான் ஸ்பிரே போதும். அது இல்லையென்றால் டால்க் பவுடரை பிரஷ்ஷில் தொட்டுத் தடவலாம்.

இன்னொன்று. கண்ணாடியில் பழைய சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் சேனல் மாற்றுவதற்கு முன்பே அதை முழுக்க உரித்து, ஓரத்துப் பசையையும் துடைத்துவிடுங்கள். ஓரம் பிரிந்த ஃபிலிம் சேனலுக்குள் சுருண்டுகொள்ளும். அதன் பசை புது வெல்வெட்டைச் சில நாளிலேயே பிசுபிசுப்பாக்கிவிடும்.

பழைய_டிங்கர்:

தகரத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், மத்ததை மேலே இருக்கறவங்க சொல்லிட்டாங்க.

பழைய வெல்வெட்டை ஸ்க்ரூடிரைவரால நோண்டாதீங்க, உதடு வளைஞ்சிடும். மண்ணெண்ணெயில நனைச்ச துணியை ராத்திரி முழுக்கத் திணிச்சு வெச்சா காலையில சுலபமா வரும். அப்புறம் ஒரு மெல்லிய மரச்சட்டத்துல 80 நம்பர் எமரி சுத்தி உள்பக்கம் தேய்ங்க. சட்டத்தோட தடிமன் உங்களுக்கு வேண்டிய உள் அகலத்தைவிட ஒரு மி.மீ. குறைவா இருந்தா, எங்கே உப்பியிருக்குன்னு அதுவே காட்டிக்கொடுக்கும். உப்பின இடத்தைப் பின்னாடி கட்டை கொடுத்து லேசா தட்டி விரிக்கலாம். மிச்சத் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர். காய்ஞ்சதும் எபாக்சி பிரைமர் ஒரு கோட், பெயின்ட் ஒரு கோட், ரெண்டும் மெல்லிசா. பட்டி போட்டுச் சமன் பண்ணவே கூடாது. கண்ணாடி அதிர்ற அதிர்ச்சியில பட்டி உதிர்ந்து வெல்வெட்டுக்குள்ள மணலா நிக்கும்.

அரிச்சுப்போன செங்குத்துச் சேனலுக்கு அடிப்பாகத்தை மட்டும் வெட்டிப் புதுசு வைக்கலாம். 22 கேஜ் தகரம், அதாவது சுமார் 0.7 மி.மீ., பெண்டிங் மெஷின்ல U மடிச்சு வாங்குங்க. கையால மடிச்சா அகலம் ஒரே சீரா வராது. மடிக்கும்போது உள்ளே வேண்டிய அகலத்துக்கு ஒரு பட்டை இரும்பை வெச்சுக்கறது நல்லது. வெல்டு வைக்கும்போது தொடர்ச்சியா ஓட்டாதீங்க, சேனல் முறுக்கிக்கும். 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வெச்சு, ஆற விட்டு, நடுவுல நிரப்பணும். உள்பக்கம் வர்ற வெல்டு முடிச்சை அரைச்சுச் சமமாக்கலேன்னா சரியா அங்கேதான் கண்ணாடி மாட்டும். துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகரம்னா வெல்டு பண்ற இடத்துல துத்தநாகத்தைத் தேய்ச்சு எடுத்துட்டுப் பண்ணுங்க, அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

நிறைய பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. அரிச்ச அடிப்பாகத்தை வெட்டி எறிஞ்சிட்டு, கண்ணுக்குத் தெரியற இடுப்புக்கோடு (ஜன்னலோட கீழ் விளிம்பு) வரைக்கும் மட்டும் சேனல் போடறாங்க. வெளியே பார்க்க அழகா இருக்கும். ஆனா கண்ணாடி பாதி இறங்கினா அதைப் பிடிக்க உள்ளே எதுவும் இருக்காது. நீங்க சொல்ற லொடலொட சத்தத்துல பாதி இதுதான். ரெண்டு பக்கச் சேனலும் கதவுக்குள்ள, கண்ணாடி முழுக்க இறங்கி நிக்கற ஆழம் வரைக்கும் போகணும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. சேனலைக் கதவுக்குள் பிடிக்கும் அடி பிராக்கெட் இருக்கிறது, போல்ட் மட்டும் துருவில் இறுகியிருக்கிறது. வளையும் சேனலை ஒட்ட வேண்டுமா, சும்மா திணித்தால் நிற்குமா? பாட்டம் சேனலை முழுக்கக் கழற்றிப் புது ரப்பர் வைப்பதா, கழன்ற முனையை மட்டும் சிலிக்கான் போட்டு ஒட்டிவிடுவதா?

தகரமும்வெல்வெட்டும்:

போல்ட்டுக்கு இரண்டு நாளைக்கு அவ்வப்போது எண்ணெய் காட்டுங்கள், அவசரப்பட்டு முறித்தால் கதவுக்குள் துளையிடுவது பெரும்பாடு. பெரும்பாலும் 7/16 அங்குல ஸ்பேனர் பொருந்தும்.

மேல் பாகத்தில் இறுக்கமாகத் திணித்தாலே நிற்கும். இரண்டு செங்குத்துப் பாகத்திலும் முதுகை மட்டும் ஒட்டுவது நல்லது, இல்லையென்றால் கண்ணாடி ஏறும்போது சேனலையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு வரும். ஃபெவிகால் எஸ்.ஆர். வகை ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம், விட்டு அழுத்துங்கள். புதிதாக அடித்த பெயின்ட் மேல் உடனே தடவினால் பசையின் கரைப்பான் பெயின்ட்டை உரித்துவிடும். பெயின்ட்டுக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கக் கண்ணாடியை ஓட்டக் கூடாது. ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் தலை உள்ளே அமிழும் வகை மட்டுமே. தலை வெல்வெட் மட்டத்துக்கு மேல் நின்றால் முதல் சுற்றிலேயே கண்ணாடி கீறும்.

ஆனந்தி_கேரேஜ்:

பாட்டம் சேனலை முழுக்கக் கழற்றுங்கள். ஒரு முனை கழன்றதென்றால் உள்ளே ரப்பர் மக்கிவிட்டது என்று பொருள். மறுமுனையும் விரைவில் வரும்.

கழற்றும் முன் கண்ணாடியின் முன் விளிம்பிலிருந்து சேனலின் முன் முனை எத்தனை மி.மீ., பின் பக்கம் எத்தனை என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். 10 மி.மீ. தள்ளி மாட்டினாலும் மெஷினின் ரோலர் தப்பான இடத்தில் தூக்கும், மறுபடியும் சாயும்.

பக்கக் கண்ணாடி டஃபண்ட் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது). நடுவில் அறைந்தாலும் தாங்கும், விளிம்பில் சின்ன அடி பட்டால் மொத்தமும் பொடியாகிவிடும். அதனால் சேனலைச் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள். வெந்நீர்த் துணி சுற்றி ரப்பரை இளக்கி, கண்ணாடியைப் பழைய கம்பளியில் படுக்கவைத்து, மரக்கட்டையைச் சேனலின் உதட்டில் கொடுத்து முனை மாற்றி முனை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை உடைந்தால் டஃபண்ட் கண்ணாடியை வெட்டவோ விளிம்பு தேய்க்கவோ முடியாது. அளவுக்கு வெட்டிய பிறகு டஃபண்ட் செய்ததைத்தான் வாங்க வேண்டும், அதில் ஐ.எஸ். 2553 (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் கடைச் சாதா கண்ணாடி ஆபத்து.

புது ரப்பர் பட்டை கிடைக்காவிட்டால் சைக்கிள் ட்யூப் வெட்டிப் போடலாம். கண்ணாடியும் இரு பக்க ரப்பரும் சேர்ந்த தடிமன் சேனலின் உள் அகலத்தை விட அரை மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டை மேல் ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து முனைகளுக்குத் தட்டிக்கொண்டே போங்கள். சிலிக்கான் பற்றிக் கேட்டீர்கள். காடி (வினிகர்) வாசனை அடிக்கும் சாதா சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது காயும்போது வரும் அமிலம் சேனலை மறுபடி துருவாக்கும். பிடிப்பு போதாது என்று தோன்றினால் விண்ட்ஷீல்டு ஒட்டும் பாலியூரித்தேன் ஓரிரு சொட்டு போதும்.

பழைய_டிங்கர்:

கடைசியா செட்டிங். எல்லா பிராக்கெட் போல்ட்டையும் கையால முடுக்கின அளவுல விட்டுட்டு கண்ணாடியை முழுசா ஏத்துங்க. அது தானா போய் உக்கார்ற இடத்துல மேல் போல்ட்டை இறுக்கணும். அப்புறம் முழுக்க இறக்கிட்டு அடி போல்ட். மேலே தாராளமாவும் கீழே இறுக்கமாவும் இருந்தா வெண்டிலேட்டர் பக்கச் சேனலோட அடிமுனை பின்னாடி சாஞ்சிருக்கு, அதை முன்னாடி நகர்த்துங்க. கண்ணாடி மேல் விளிம்பு வெளியே பார்த்துச் சாஞ்சா அடி பிராக்கெட்டுக்கும் கதவுத் தகரத்துக்கும் நடுவுல ஒரு வாஷர் கூட்டியோ குறைச்சோ பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு இடத்தைத்தான் மாத்தணும்.

டோர் பேட் மாட்டறதுக்கு முன்னாடி கண்ணாடி மேல ஒரு லிட்டர் தண்ணியை நிதானமா ஊத்துங்க. கொஞ்சம் கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும், அது அடியில இருக்கற ஓட்டைகள் வழியா உடனே வெளியே வரணும். வரலேன்னா பட்டியோ அண்டர்கோட்டோ அடைச்சிருக்கு, ஒரு கம்பியால குத்தி விடுங்க. உங்க செங்குத்துச் சேனலோட அடிப்பாகம் அரிச்சதுக்கே அந்த அடைப்புதான் காரணமா இருக்கும். பேடுக்குப் பின்னாடி பாலிதீன் ஷீட் ஒட்டும்போது அதோட கீழ் விளிம்பு கதவுக்குள்ள போகற மாதிரி ஒட்டுங்க, வெளியே தொங்கவிட்டா தண்ணி மொத்தமும் அட்டையில ஏறிடும்.