படிப்பு தராத பக்குவத்தை அனுபவம் எப்படித் தருகிறது?

புதுமேலாளர்:
மேலாண்மை படித்துவிட்டு ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். போன வாரம் இருவருக்குள் பெரிய தகராறு. நான் எவ்வளவு பேசியும் அடங்கவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மூத்த ஊழியர் ஒருவர் இருவரிடமும் தனித்தனியே கொஞ்ச நேரம் பேசினார். மறுநாள் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள்! இந்தப் பக்குவம் எங்கிருந்து வருகிறது? அதே வயது, அதே அனுபவம் உள்ள இன்னொருவர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாரே?

இரவுப்பணி:
நான் செவிலியர். ஓர் இரவு, புதிதாகச் சேர்ந்த பெண், "பிபி நார்மல்தான் அக்கா" என்றாள். ஆனால் நோயாளி போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். பேச்சுக் கொடுத்தால் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணச் சொன்னேன். 28. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். டாக்டரை எழுப்பினோம், தொற்று ரத்தம் வரை போயிருந்தது.

பிபி இறங்கும் முன்பே மூச்சு வேகமெடுக்கலாம் என்பது பாடத்திலேயே உண்டு. அவளும் படித்தவள்தான். அந்தக் கையின் தவிப்பைக் கண்டதும் அந்தப் பாடம் நினைவில் எழ, அப்படித் தவித்த பலரின் அருகில் நின்றிருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். செய்ததன் பலன் நம்மிடம் திரும்பி வந்தால்தான் அனுபவம் பாடமாகும். என் கணிப்பு சரியா என்பது பெரும்பாலும் விடிவதற்குள் தெரிந்துவிடும். ஆனால் துக்கச் செய்தியைச் சொல்லும்போது? குடும்பத்தார் போய்விடுகிறார்கள், நம் சொல் அவர்களை என்ன செய்தது என்று தெரிவதே இல்லை. காலமெல்லாம் அதைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதைக் கற்க வாய்ப்பும் வேண்டும்.

எண்ணிப்பார்:
சிஸ்டர் சொல்வது சரி, ஆனால் படிப்பை ஓரங்கட்டிவிடக் கூடாது. வியன்னா பிரசவ மருத்துவமனையில் அனுபவசாலி மருத்துவர்களின் கைகளே பிரசவக் காய்ச்சலைப் பரப்பின. ஒருவருக்கும் தோன்றவில்லை. மருத்துவர் வார்டையும் மருத்துவச்சிகள் வார்டையும் ஒப்பிட்டு, சாவு எண்ணிக்கையை ஆராய்ந்த அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ் 1847இல் கை கழுவ வைத்தார். சாவு சரசரவெனக் குறைந்தது. அனுபவத்தில் ஊறிய பலர் அப்போதும் ஏற்கவில்லை.

புதுமேலாளர்:
நன்றி சிஸ்டர். அந்த மூத்த ஊழியரிடமே கேட்டேன். "என்னமோ தோணுச்சு, பேசினேன்" என்கிறார்.

இரவுப்பணி:
அப்படித்தான் சொல்வார்கள். கிளைன் பேட்டி கண்ட தீயணைப்பு அதிகாரி ஒருவர், எரியும் வீட்டிலிருந்து ஆட்களைத் திடீரென வெளியேற்றினார். உடனே தரை இடிந்து விழுந்தது. ஏதோ அபூர்வ சக்தி என்றே அவர் நம்பினார். துருவிக் கேட்டபோதுதான் விவரம் வந்தது: தண்ணீருக்குத் தீ அடங்கவில்லை, அறையில் அளவுக்கு மீறிய சூடு, சத்தமோ குறைவு. நெருப்பு தரைக்கு அடியில் இருந்திருக்கிறது.

அதனால் பொதுவாகக் கேட்காதீர்கள். அன்று முதலில் யாரிடம் போனார், அவர் முகத்தில் எதைப் பார்த்தார், எதைப் பேசாமல் விட்டார் என்று கேளுங்கள். அவர் பேசியும் தீராத தகராறு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். அதைச் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.