கொழும்பு தாண்டியதும் தம்பியின் கப்பல் மேப்பில் நகரவே இல்லை, என்ன காரணம்?

அஸ்தம்பட்டி அண்ணன்:
தம்பி கன்டெய்னர் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். கொழும்பிலிருந்து ராட்டர்டாம் கிளம்பியிருக்கிறான். கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் மரைன் டிராஃபிக் தளத்தில் பார்த்தால் கொழும்புக்குத் தென்மேற்கே ஒரே இடத்தில் அம்புக்குறி நிற்கிறது, சில நாளாக அசையவில்லை. அம்மா ராத்திரியெல்லாம் என் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார், சாப்பாடே இறங்கவில்லை. நடுக்கடலில் இன்ஜின் ஏதும் நின்றிருக்குமா? கப்பல் புதுசா பழசா என்று பார்க்கவும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஏற்காடு மாலுமி:
முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். கப்பலில் உள்ள ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி இடத்தையும் வேகத்தையும் சில நொடிக்கு ஒருமுறை விஎச்எஃப் ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆனால் கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அது சுமார் 40 கடல் மைல், அதாவது 75 கிலோமீட்டர் பக்கம்தான் எட்டும். நம்ம மலைப்பாதையில் வளைவு திரும்பினால் போன் சிக்னல் போகும், பஸ் நிற்பதில்லையே. அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும், அந்தத் தகவலுக்குப் பெரும்பாலும் பணம் கட்டணும். கடைசியாக சிக்னல் வந்த நேரமும் திசையும் அங்கேயே இருக்கும், பாருங்கள். திசை 220 டிகிரி பக்கம், அதாவது தென்மேற்கு என்றால், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகிறது. 2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூத்தி படையினர் தாக்குதல் தொடங்கியதிலிருந்து நிறைய கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டு அந்த வழிக்கு மாறின. அப்படியானால் தென்னாப்பிரிக்கக் கரையை நெருங்கும் வரை, ஒரு வாரத்துக்கு மேலேயே, புள்ளி இப்படித்தான் நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டை ஷிப்பிங்:
பெயரை வைத்துத் தேடாதீங்க, ஒரே பெயரில் பல கப்பல் உண்டு. தம்பியிடம் ஐஎம்ஓ எண் கேளுங்கள், ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக உள்ள அடையாள எண், 7 இலக்கம். பெயரும் கொடியும் (பதிவு செய்த நாடு) மாறினாலும் கப்பலை உடைக்கும் வரை அந்த எண் மாறாது. எம்எம்எஸ்ஐ என்பது கப்பலின் ரேடியோ அடையாள எண், 9 இலக்கம், கொடி மாறினால் அதுவும் மாறிவிடும். எக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு ஐஎம்ஓ எண்ணைப் போட்டால் கட்டிய வருடம், உரிமையாளர், துறைமுகங்களில் நடந்த சோதனை எல்லாம் வரும். சோதனையில் கப்பலைத் தடுத்து வைத்திருந்தால் அதுவும் தெரியும். வயசைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அஸ்தம்பட்டி அண்ணன்:
ரொம்ப நன்றிங்க. கடைசி சிக்னல் கிளம்பிய அன்று ராத்திரியே வந்தது. திசை 222, வேகம் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்). நீளம் 366 மீட்டர், அகலம் 51, தடுத்து வைத்ததாக எதுவும் இல்லை. அம்மாவிடம் காட்டிவிட்டேன். ஆனால் போகும் துறைமுகம் இன்னும் கொழும்பு என்றே இருக்கிறதே?

ஏற்காடு மாலுமி:
அதைக் கப்பலில் இருப்பவர்கள் கையால் டைப் செய்யணும், வேலை நெருக்கடியில் மாற்ற விட்டுப்போகும். மிதவை ஆழமும் (கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது) போய்ச்சேரும் நேரமும் அப்படித்தான். இடம், வேகம், திசை மூன்றும் ஜிபிஎஸ்ஸில் இருந்து தானாக வருபவை, அவற்றை நம்புங்கள்.